பூட்டனின் தாத்தா ஒரு ஐரிஷ் சிப்பாய்: தேடத் தொடங்குபவர்களுக்கு

என் மருமகள் பாஸ்டன் பக்கத்துப் பெண். அவள் பிறந்த வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய படம் மாட்டியிருக்கிறது. பட்டாளத்து உடுப்பு, வரிசையாகப் பொத்தான்கள், ஒட்டிப்போன கன்னம். "எங்கள் பூட்டனாருடைய தாத்தா, அயர்லாந்திலிருந்து வந்தவர், சண்டைக்குப் போனவர்" என்பதற்கு மேல் அந்த வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. நான் சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பது வருடம் வில்லங்கம் பார்த்துக் கொடுத்தவன். "மாமா, உங்களால் இவரைக் கண்டுபிடிக்க முடியாதா?" என்று அவள் கேட்டபின் சும்மா இருக்க முடியவில்லை.

ஒன்றரை வருடம் ஆயிற்று. வழி தெரிந்திருந்தால் ஆறு மாதத்தில் முடித்திருக்கலாம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கு மாநிலங்களின் படையில், அதாவது யூனியன் படையில், இருந்தவர்களைத் தேடும் வழி இது. அயர்லாந்தில் பிறந்த சுமார் 1,50,000 பேர் அதில் இருந்தார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். 1845இல் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் தொடங்கியதிலிருந்து சில ஆண்டுகளில் அயர்லாந்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். அதைவிட அதிகம் பேர் கப்பலேறினார்கள். படையில் சேர்ந்தவர்களில் பெரும்பகுதி அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்தான். பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தவர் என்றால் வழி வேறு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இன்றிலிருந்து பின்னால் போங்கள்

வில்லங்கம் பார்க்கிறவர் இன்றைய பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்கு முந்தைய பத்திரம், அதற்கும் முந்தையது என்று பின்னால் போவார். நடுவில் ஒரு பத்திரம் விட்டுப்போனால் மேலே உள்ள எல்லாம் சந்தேகம்தான். வம்சம் தேடுவதும் அப்படியே. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, நேரே அயர்லாந்துக்குத் தாவுவது. பேட்ரிக் மர்ஃபி, ஜான் சல்லிவன் என்று அங்கே தேடினால் நூற்றுக்கணக்கில் வருவார்கள். எந்த ஊர் பேட்ரிக் என்று தெரியாமல் போனால் யாரோ ஒருவரைத் தத்தெடுத்துக்கொண்டு வர வேண்டியதுதான்.

முதலில் வீட்டிலேயே தேடுங்கள். பைபிளின் முதல் பக்கங்கள், ஜெபப் புத்தகத்தில் செருகிய இரங்கல் அட்டைகள், இறப்புச் சான்றிதழ்கள், கல்லறைப் படங்கள். வயதானவர்களிடம் பெயரை மட்டும் கேட்காதீர்கள். எந்தக் கோயில் பங்கு (ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள வட்டாரம்), எந்தத் தெரு, யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போவார்கள் என்று கேளுங்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1841 முதலே பிறப்பு, இறப்பு, திருமணங்களை மாநில அளவில் பதிந்திருக்கிறார்கள். பல பதிவுகளில் பெற்றோர் பெயரும் உண்டு. எல்லா மாநிலமும் இவ்வளவு முன்னதாகத் தொடங்கவில்லை.

கல்லறைக் கல்லில் படைப்பிரிவு பொறித்திருந்தால் அதிர்ஷ்டம். "கம்பெனி கே, 9ஆம் மாசசூசெட்ஸ் காலாட்படை" என்பதுபோல ஒரு வரி இருந்தால் பாதி வேலை முடிந்தது (கம்பெனி என்பது படைப்பிரிவின் உட்குழு).

அப்புறம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1850 கணக்கெடுப்பில்தான் முதன்முதலாக வீட்டில் உள்ள எல்லோர் பெயரையும் எழுதினார்கள் (அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களைத் தவிர). 1900இல் பிறந்த மாதமும் வருடமும், எந்த வருடம் குடியேறினார் என்பதும் இருக்கும். 1910 கணக்கெடுப்பில் 30ஆவது பத்தியைப் பாருங்கள். உள்நாட்டுப் போரில் இருந்து உயிரோடு மிஞ்சியவரா என்று அங்கே குறித்திருப்பார்கள்: "யு.ஏ." என்றால் யூனியன் தரைப்படை, "யு.என்." என்றால் யூனியன் கடற்படை. 1890 கணக்கெடுப்பின் பெரும்பகுதி 1921இல் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தோடு போய்விட்டது. ஆனால் அதே வருடம் முன்னாள் வீரர்களுக்கும் விதவைகளுக்கும் தனியாக எடுத்த பட்டியலில் ஒரு பகுதி மிஞ்சியிருக்கிறது. மாநிலங்களை அகரவரிசையில் அடுக்கினால் கென்டக்கிக்குப் பின்னால் வருகிறவை கிடைக்கும். முன்னால் வருகிறவை அநேகமாகக் கிடைக்காது.

எங்கள் ஆள் 1870 கணக்கெடுப்பிலேயே இல்லை. மனைவி இருந்தாள், பிள்ளைகள் இருந்தார்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

எந்தப் படைப்பிரிவு?

அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை உள்நாட்டுப் போர் வீரர்களின் பெயர்ப்பட்டியலை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பெயரைப் போட்டால் படைப்பிரிவு, சேர்ந்தபோதும் விலகியபோதும் இருந்த பதவி எல்லாம் வரும். வயதோ ஊரோ வராது. அதனால் ஒரே பெயரில் இருபது பேர் வந்தால் அதை வைத்து மட்டும் பிரிக்க முடியாது.

இங்கேதான் நான் சறுக்கினேன். ஐரிஷ் பிரிகேட் என்று புகழ்பெற்ற ஒரு படை உண்டு. நியூயார்க்கின் 63, 69, 88ஆம் பிரிவுகள், அவற்றோடு பின்னால் சேர்ந்த 28ஆம் மாசசூசெட்ஸ், 116ஆம் பென்சில்வேனியா. 1862 டிசம்பர் 13 அன்று ஃப்ரெடெரிக்ஸ்பர்க்கில் கல்சுவருக்குப் பின்னால் இருந்த எதிரியை நோக்கி மேட்டில் ஏறினார்கள். சுமார் 1,200 பேரில் 500க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், காயம்பட்டார்கள், அல்லது காணாமல் போனார்கள். நம் ஆளும் அங்கே இருந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. 28ஆம் மாசசூசெட்ஸில் அதே பெயரில் ஒருவர் இருந்தார். மூன்று வாரம் அவருடைய சரித்திரத்தைப் படித்து, மருமகளுக்கு வாய் நிறையச் சொல்லியும் விட்டேன். பிறகுதான் தெரிந்தது, அவர் பத்தொன்பது வயதுக் கல்யாணமாகாத பையன்.

ஐரிஷ்காரர்களில் பெரும்பாலோர் ஐரிஷ் பெயர் இல்லாத சாதாரணப் பிரிவுகளில்தான் இருந்தார்கள். படைப்பிரிவின் ஒவ்வொரு கம்பெனிக்கும் பெரும்பாலும் ஓர் ஊர், சுற்றுவட்டாரம் என்று ஆள் எடுத்தார்கள். ஆகவே 1860இல் குடும்பம் எந்த ஊரில் இருந்தது என்று பார்த்து, அந்த ஊரில் ஆள் எடுத்த கம்பெனியில் பெயரைத் தேடுங்கள். எங்கள் ஆள் அப்படித்தான் அகப்பட்டார்.

பெயரை எழுதியவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படி இருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். "ஓ", "மெக்" என்ற முன்னொட்டுகள் வரும், போகும். எழுதப் படிக்கத் தெரியாதவர் தன் பெயரை யார் எப்படி எழுதினாலும் திருத்தவா போகிறார்? சிலர் வேண்டுமென்றே வேறு பெயரில் சேர்ந்தார்கள். பிந்தைய பென்ஷன் அட்டைகளில் "இன்னார் என்கிற இன்னார்" என்று இரண்டு பெயரும் இருப்பதைப் பார்க்கலாம்.

படைச் சேவைப் பதிவு

பிரிவு தெரிந்தபின் வாஷிங்டனில் உள்ள அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் தொகுத்த சேவைப் பதிவைக் கேட்கலாம். காப்பகத்தின் தளத்திலேயே பணம் கட்டி ஆர்டர் செய்யலாம். சில மாநிலங்களுடையது கட்டண இணையதளங்களிலும் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்த வருகைப் பட்டியல்களிலிருந்து ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனி அட்டையாகப் பெயர்த்து எழுதியவை இவை. "ஆஜர்", "ஆஜர்", "ஆஜர்", பிறகு "ஆஸ்பத்திரியில்". படிக்கச் சுவாரஸ்யமாக இருக்காது. ஆனால் சேர்ந்த நாளின் அட்டையில் வயது, உயரம், கண், தலைமுடி நிறம், தொழில், பிறந்த இடம் இருக்கும். பிறந்த இடம் பாதிப் பேருக்கு "அயர்லாந்து" என்று மட்டும்தான். மாவட்டம் எழுதியிருந்தால் கொண்டாடுங்கள். வயதை நம்பாதீர்கள். சின்னவன் கூட்டிச் சொன்னான், பெரியவன் குறைத்துச் சொன்னான்.

போருக்காகச் சேராமல் நிரந்தர ராணுவத்தில் இருந்தவர்களுக்கு இந்த அட்டைகள் கிடையாது. அவர்களுக்கு 1798 முதல் 1914 வரையிலான ஆள்சேர்ப்புப் பேரேடு இருக்கிறது. அதில் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வரி.

இந்த அட்டைகளை ராணுவம் ஏன் உட்கார்ந்து எழுதியது தெரியுமா? போர் முடிந்து இருபது வருடம் கழித்துப் பென்ஷன் கேட்டு விண்ணப்பங்கள் குவிந்தன. கேட்கிறவர் உண்மையிலேயே படையில் இருந்தாரா என்று சரிபார்க்கத்தான். காசு கேட்டால் ஆதாரம் கேட்பார்கள், ஆதாரம் கேட்ட இடத்தில் காகிதம் மிஞ்சும். என் அலுவலக அனுபவமும் அதுதான். இந்தத் தேடலில் ஒவ்வொரு படியிலும் இது உங்களுக்குக் கைகொடுக்கும்.

பென்ஷன் கோப்பு

இங்கே நிதானமாக இருங்கள்.

1862 ஜூலை 14 சட்டப்படி காயம்பட்ட வீரருக்கும், செத்தவரின் விதவைக்கும், சிறு பிள்ளைகளுக்கும், அவர் சம்பாத்தியத்தை நம்பியிருந்த தாய்க்கும் பென்ஷன் உண்டு. சாதாரணச் சிப்பாயின் விதவைக்கு மாதம் 8 டாலர். அவருடைய சம்பளமே மாதம் 13 டாலர்தான். 1864இல் அந்தச் சம்பளத்தை 16 டாலர் ஆக்கினார்கள். 1890இல் சட்டத்தைத் தளர்த்தி, 90 நாள் சேவை செய்து உடல் உழைப்புக்கு முடியாமல் போனவருக்கும், போரினால் வந்த நோயாக இல்லாவிட்டாலும், கொடுத்தார்கள். 1907இல் 62 வயதானாலே போதும் என்றார்கள். எனவே ஆள் போரில் செத்திருந்தாலும் சரி, கிழவராகி வீட்டில் செத்திருந்தாலும் சரி, கோப்பு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

முதலில் பென்ஷன் அட்டவணையில் பெயரைத் தேடுங்கள். ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அட்டையில் வீரர் பெயர், மனைவி அல்லது தாய் பெயர், படைப்பிரிவு, விண்ணப்ப எண், பென்ஷன் கிடைத்திருந்தால் சான்றிதழ் எண் இருக்கும். ஒரே பெயர்க்காரர்களைப் பிரிக்க மனைவி பெயரைப்போல உதவுவது வேறில்லை. அந்த எண்களை வைத்துக் கோப்பைக் கேளுங்கள். தேர்ந்தெடுத்த சில பக்கங்கள் போதுமா, முழுக் கோப்பு வேண்டுமா என்று கேட்டால் காசைப் பார்க்காமல் முழுக் கோப்பு என்று சொல்லுங்கள். நிராகரித்த விண்ணப்பம் என்றாலும் வாங்குங்கள். சந்தேகப்பட்டு நிறுத்திய கோப்புகள்தான் பருமனாக இருக்கும். அப்படிப்பட்ட வழக்குகளுக்குத் தனி விசாரணை அதிகாரி ஊருக்கே வந்து அக்கம்பக்கத்தாரை உட்காரவைத்து வாக்குமூலம் எடுத்தார்.

விதவை என்ன நிரூபிக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். கல்யாணம் நடந்தது, பிள்ளைகள் இந்த நாளில் பிறந்தார்கள், மறுமணம் செய்யவில்லை. அயர்லாந்தில் கல்யாணம் செய்துகொண்டு வந்தவளிடம் சான்றிதழ் ஏது? அவள் ஊர்ப் பங்குத்தந்தைக்குக் கடிதம் போட்டு, கோயில் ஏட்டிலிருந்து அந்த வரியை எழுதி வாங்குவாள். அந்தக் கடிதத்தில் பங்கின் பெயர் இருக்கும். அயர்லாந்துக் கதவின் சாவி அதுதான். கடிதமும் வராவிட்டால், கல்யாணத்தை நேரில் பார்த்தவர்கள் நோட்டரி முன் சத்தியம் செய்ய வேண்டும், யார் அவர்கள்? அதே ஊரிலிருந்து வந்து அதே தெருவில் குடியிருந்தவர்கள். அவர்கள் பெயர்களை ஒன்றுவிடாமல் தனியாக எழுதி வையுங்கள்.

தாய் கேட்ட பென்ஷன் இன்னும் மனதைப் பிசையும். மகன் தன்னைக் காப்பாற்றினான் என்று அவள் நிரூபிக்க வேண்டும். அதற்கு, பாளையத்திலிருந்து அவன் எழுதிய கடிதங்களைக் கொடுத்திருப்பாள்: இத்தனை டாலர் அனுப்பியிருக்கிறேன், வாடகையைக் கட்டு, குளிருக்குக் காலுறை அனுப்பு. அந்தக் கடிதங்களில் பல இன்றைக்கும் கோப்புக்குள்தான் இருக்கின்றன. அவளிடம் இருந்த ஒரே கடிதமாகக்கூட இருந்திருக்கும்.

முதுமையில் பென்ஷன் வாங்கிய வீரர்களுக்குப் பென்ஷன் துறை அச்சடித்த கேள்வித்தாளும் அனுப்பியது. மனைவியின் பிறந்தவீட்டுப் பெயர், கல்யாணம் எங்கே, யார் நடத்தினார், பிள்ளைகள் பெயரும் பிறந்த நாளும். வம்சம் தேடுகிறவருக்காகவே கேட்டதுபோல் இருக்கும்.

எங்கள் கோப்பு 47 பக்கம். ஆள் குண்டடிபட்டுச் சாகவில்லை. 1864இல் வயிற்றுக்கடுப்பில் படை ஆஸ்பத்திரியில் இறந்திருக்கிறார். அந்தப் போரில் செத்த யூனியன் வீரர்களில் நோயில் போனவர்களே அதிகம். மருமகளின் அப்பாவுக்கு அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருந்தது. விதவையின் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி. சாட்சி சொன்ன பெண்ணும் பெருக்கல் குறிதான். கூடவே அயர்லாந்தின் கார்க் மாவட்டத்துப் பங்குத்தந்தை ஒருவர் எழுதிய நாலு வரி.

கோப்பு கிடைக்காவிட்டால்

வேறு சில இடங்கள் உண்டு. 1865இல் தொடங்கிய ஊனமுற்ற வீரர்களுக்கான தேசிய விடுதிகளின் பேரேடுகளில் பிறந்த நாடு, மதம், தொழில், நெருங்கிய உறவினர் பெயரும் முகவரியும் இருக்கும். நியூயார்க்காரர் என்றால் 1865இல் ஊர் எழுத்தர்கள் தயாரித்த வீரர் பதிவேட்டைப் பாருங்கள், பெற்றோர் பெயர் கேட்டிருப்பார்கள்.

நியூயார்க்கில் 1850இல் தொடங்கிய எமிக்ரன்ட் சேமிப்பு வங்கியை விட்டுவிடாதீர்கள். பணம் எடுக்க வந்தவர் அவர்தானா என்று சோதிக்க, கணக்குத் தொடங்கும்போதே பிறந்த ஊர், பெற்றோர், உடன்பிறந்தோர், வந்த கப்பல், வந்த தேதி எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள். இன்று பேங்க்கிலிருந்து போனில் அம்மா பெயர் கேட்கிறார்களே, அதே கதை. அந்த ஏடுகள் நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கின்றன.

பாஸ்டனில் வந்த 'பைலட்' என்ற கத்தோலிக்கப் பத்திரிகை 1831 முதல் 1921 வரை காணாமற்போன உறவினர்களைத் தேடி விளம்பரங்கள் போட்டது. இன்ன ஊர், இன்ன பங்கு, இன்னாருடைய அண்ணன் என்று அடையாளம் சொல்லியே தேடுவார்கள். அவற்றைத் தொகுத்து இணையத்தில் தேடும்படி வைத்திருக்கிறார்கள்.

குடியுரிமைப் பதிவில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். 1862 சட்டப்படி நல்லபடியாக விடுவிக்கப்பட்ட வீரர், 'குடிமகனாக விரும்புகிறேன்' என்று முதலில் கொடுக்கும் முன்னறிவிப்பு மனு இல்லாமலே குடிமகனாகலாம் என்பதால் காகிதமும் பாதிதான். 1906 செப்டம்பருக்கு முன் குடியுரிமையை எந்த நீதிமன்றத்திலும் வாங்க முடிந்தது. பிறந்த இடம் என்ற கட்டத்தில் அநேகமாக "அயர்லாந்து".

கப்பல் பட்டியலுக்கு எல்லோரும் ஓடுவார்கள். நியூயார்க்கின் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையத்தில் தேடாதீர்கள், அது திறந்ததே 1892 ஜனவரி 1 அன்று. அதற்கு முன் 1855 ஆகஸ்டிலிருந்து நியூயார்க்கில் கேஸில் கார்டன் என்ற குடியேற்ற நிலையம் இருந்தது. அதற்கும் முன்னால் வந்தவர்கள் நேரே துறைமுகத்தில் இறங்கினார்கள். பலர் லிவர்பூல் வழியாக வந்தார்கள். சிலர் கனடாவில் இறங்கித் தெற்கே வந்தார்கள். கண்டுபிடித்தாலும் பெயர், வயது, "கூலியாள்" என்பதற்கு மேல் அதிகம் இருக்காது. கடைசியில் நேரம் இருந்தால் பாருங்கள்.

இனி அயர்லாந்து

பங்கின் பெயர் கைக்கு வந்தபின் கடலைத் தாண்டலாம். அங்கே என்ன இல்லை என்று தெரிந்துகொண்டால் அலைச்சல் மிச்சம். 1922 ஜூன் 30 அன்று அயர்லாந்து உள்நாட்டுப் போரில் டப்ளின் பொது ஆவண அலுவலகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி அதில் சாம்பல். 1861 முதல் 1891 வரையிலானவற்றை அதற்கு முன்பே அரசே அழித்துவிட்டது. முழுசாக இருப்பவற்றில் மிகப் பழையவை 1901, 1911, அவை இலவசம். அரசுப் பிறப்புப் பதிவு எல்லோருக்கும் வந்தது 1864இல்தான். ஆக, அமெரிக்க உள்நாட்டுப் போர்ச் சிப்பாய்க்குப் பிறப்புச் சான்றிதழே கிடையாது.

கத்தோலிக்க ஞானஸ்நான, திருமண ஏடுகள் அந்தத் தீயில் மாட்டவில்லை, அவை கோயில்களிலேயே இருந்தன. அயர்லாந்து தேசிய நூலகம் 2015இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குகளின் ஏடுகளைப் படமாக இணையத்தில் இலவசமாகப் போட்டுவிட்டது. அந்தத் தளத்தில் பெயர் போட்டுத் தேட முடியாது. பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். பெயர் அட்டவணை ஃபைண்ட்மைபாஸ்ட், ஆன்செஸ்ட்ரி தளங்களில் இருக்கிறது. மேற்குப் பக்கத்துச் சில பங்குகளில் ஏடு தொடங்குவதே தாமதமாகத்தான். உங்கள் ஆள் பிறந்த வருடத்துக்கு ஏடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெயர்கள் பல ஏடுகளில் லத்தீனில் இருக்கும். ஜேம்ஸ் அங்கே ஜாகோபுஸ், வில்லியம் அங்கே குலியெல்முஸ். கார்க் பக்கத்து ஜெரமையா வீட்டில் டர்பி என்றும் கூப்பிடப்படுவார், இரண்டும் டியர்முட் என்ற ஐரிஷ் பெயருக்கு ஒட்டவைத்தவை.

நமக்குப் பழகிய வழக்கம் ஒன்றும் அங்கே இருக்கிறது. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதானே. பல ஐரிஷ் குடும்பங்களில் முதல் மகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பெயர், இரண்டாம் மகனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தா பெயர். முதல் மகளுக்கு அம்மா வழிப் பாட்டி பெயர். அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளின் பெயரை வரிசையாக எழுதினால் அயர்லாந்தில் யாரைத் தேடவேண்டும் என்று ஓரளவு தெரிந்துவிடும். எல்லா வீட்டிலும் இப்படி இல்லை. துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நிலத்துக்கு 1847 முதல் 1864 வரை எடுத்த கிரிஃபித் மதிப்பீடு இருக்கிறது. வரி போடுவதற்காக எடுத்தது, மறுபடியும் காசுதான். எந்த ஊரில் யார் நிலத்தை யாரிடம் குத்தகைக்கு வைத்திருந்தார் என்று வீட்டுத் தலைவர் பெயரோடு வரைபடமும் உண்டு. அங்கே கடைசி அலகு 'டவுன்லேண்ட்', நம் குக்கிராமம் மாதிரி. நாடு முழுக்க 60,000க்கும் மேல். கோயில் பங்கின் எல்லையும் அரசுப் பங்கின் எல்லையும் ஒன்றல்ல என்பதை மட்டும் கவனியுங்கள்.

சிவப்பு உடுப்புக்காரர் என்றால்

பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர் என்றால் லண்டனின் கியூ என்ற பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் 'டபிள்யூ.ஓ. 97' என்ற தொகுப்பைப் பாருங்கள். 1760 முதல் 1913 வரை. பெரும்பாலும் பிறந்த பங்கும் பக்கத்து ஊரும் இருக்கும். 1830இல் அந்த ராணுவத்தில் நூற்றுக்கு 42 பேர் ஐரிஷ்காரர்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஐரோப்பியப் படைகளிலும் நிறையப் பேர். நம் மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் படைப்பிரிவுதான் 1881இல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸில் கலந்தது. சென்னையிலோ திருச்சியிலோ ஐரிஷ் தாத்தா உள்ள ஆங்கிலோ இந்தியக் குடும்பம் என்றால் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் பதிவுகளில் 'என்/2' என்ற வரிசை மெட்ராஸ் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளுக்கானது. அங்கிருந்து தொடங்குங்கள்.

எங்கள் கதைக்கு வருகிறேன். பங்குத்தந்தை எழுதிக் கொடுத்த தேதியை வைத்துக்கொண்டு தேசிய நூலகத்தின் படங்களைப் புரட்டினேன். மை மங்கி, ஓரம் கிழிந்த பக்கம். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், கீழே சாட்சிகள் இருவர். இரண்டாவது சாட்சியின் பெயரை எங்கேயோ பார்த்த நினைவு. பென்ஷன் கோப்பைத் திறந்தேன். பன்னிரண்டு வருடம் கழித்து, பாஸ்டனில் நோட்டரி முன்னால், "அந்தக் கல்யாணத்தில் நான் நின்றேன்" என்று சத்தியம் செய்து பெருக்கல் குறி போட்ட அதே பெண். மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இவள் எந்த ஊர், மாமா?" என்றாள். இப்போது அவளைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.